கோல் சித்தப்பாவின் முப்பது நொடிப் பூட்டு

சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி முடித்த அன்று கோல் சித்தப்பா அறையின் நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே விழுந்து செத்தது. கதவுக்குப் பின்னால் பழைய கம்பளி ஒன்றையும் ஆணியடித்துத் தொங்கவிட்டார். மனைவியைக் கூடத்தில் நிற்கவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினார். பிறகு கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஏதாவது கேட்டுச்சா?"

"எப்போ கத்தப் போறீங்கன்னு நின்னுக்கிட்டே இருக்கேன். சட்டுபுட்டுன்னு கத்துங்க, அடுப்புல பால் இருக்கு."

அவருக்குப் பரம திருப்தி. "இனிமே இந்த ரூமை விட்டு ஒரு சொல்லு வெளிய போகாது" என்று மார்தட்டினார்.

வாயைப் பூட்டி வைக்கும் வித்தையை அவர் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல. பள்ளிக்கூடத்துக்கு எட்டாம் வகுப்போடு கும்பிடு போட்டவர். பத்தொன்பது வருஷம் ஒரு குளிர்க் கிடங்கில் சரக்கு அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். முட்டைப் பெட்டிகளை ஆறாவது அடுக்கில் ஏற்றி இறக்குவார். ஓடு ஒன்றில்கூட கீறல் விழாது. பட்டம் வாங்கிய மேலாளர்கள் வந்து வாய் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை, எந்த அடுக்கை எங்கே மாற்றினால் வண்டி பாதித் தூரம் ஓடினால் போதும் என்று மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தார். அதைச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வண்டிக்காரனிடம் சொன்னார். மறுவாரம் பக்கத்து வண்டிக்காரன் மேற்பார்வையாளர் ஆனான். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேதம்: கிடங்குக் கதவைத் திறந்து வைத்தால் குளிர் போகும், வாயைத் திறந்து வைத்தால் பிழைப்பு போகும்.

யாரையும் நம்பமாட்டார். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்தால், இரவல் கேட்க வந்திருக்கிறாரா என்று கையைப் பார்ப்பார். "கண்ணாடியில தெரியுற தன் மூஞ்சியையே யாருடா நீன்னு கேக்குற மனுஷன்" என்பாள் அவர் மனைவி. கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடுகிறவள். நாள் முழுக்கப் பார்வை மங்கினவர்களோடு பேசிவிட்டு வந்து, பார்வை அளவுக்கு மீறித் தெரிகிற இவரோடு குடித்தனம் நடத்தினாள்.

நாற்பத்திரண்டாம் வயதில் கிடங்கின் பனித்தரையில் வழுக்கி விழுந்து முட்டி நொறுங்கியது. எட்டு மாதம் நாற்காலிதான். அந்த எட்டு மாதத்தில்தான் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, தூசி படிந்த வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினான். வீடு வீடாக இன்டர்நெட் வயர் இழுக்கிற வேலை அவனுக்கு. எந்த வீட்டிலாவது தூக்கிப் போடுகிற சாமான் இருந்தால் அக்கா வீட்டுக்கு வந்துவிடும்.

"மச்சான், சும்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கறதுக்கு இதை ஆடுங்க. கால்பந்து. ஓட வேண்டியதில்லை."

கன்ட்ரோலரைக் கையில் வாங்கியதும் சித்தப்பாவுக்குப் பழைய வண்டியின் நெம்புகோல்கள் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. கோல் போடுவது அவருக்கு அவ்வளவாக வரவில்லை. ஆனால் கோல் விடமாட்டார். எதிராளி பந்தை எந்த இடுக்கு வழியாகக் கொண்டுவந்தாலும் அங்கே ஓர் ஆள் பெட்டி மாதிரி வந்து உட்கார்ந்திருப்பான். இன்டர்நெட் வழியாக எதிரே ஆடிய கல்லூரிப் பிள்ளைகள் தலைகீழாய் நின்று பார்த்தார்கள். ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடியும், பெனால்டிக்குப் போகும், அங்கே இவர் ஜெயிப்பார். இதையே மச்சினன் சொல்லிக் கொடுத்தபடி நேரலையில் காட்டத் தொடங்கினார்.

முதல் நாள் பார்த்தவர்கள் மூன்று பேர். ஒன்று மனைவியின் போன், இன்னொன்று மச்சினன். மூன்றாவது, '37-ஆம் நம்பர்' என்று பேர் வைத்துக்கொண்ட யாரோ. அந்த யாரோதான் அவருக்கு வாழ்நாளில் வந்த முதல் கமெண்டை எழுதியது:

"தம்பி, முட்டி தெரியுது. கேமராவை மேல திருப்புங்க."

முப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிற அம்மாள் அவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். ஒரு நடைக்கும் மறு நடைக்கும் நடுவில் டிப்போவின் ஓய்வறையில் உட்கார்ந்து பார்ப்பார். இரண்டாவது மாதம் யாரோ ஒரு வாலிபன் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா சித்தப்பா?" என்று எழுத, இவர் "தேவைதான்டா மகனே, பெரியவன் கையால தோத்தாத்தான் உனக்குப் புத்தி வரும்" என்று சொல்லி அவனையே கூப்பிட்டு ஆடித் தோற்கடித்தார். சேனலுக்கு 'கோல் சித்தப்பா' என்பதே பெயராயிற்று. பார்க்கிறவர்கள் நூறானார்கள், ஆயிரமானார்கள், நாற்பதாயிரத்தைத் தொட்டார்கள். வாய்க்கு வந்தபடி எழுதுகிறவர்களைக் களையெடுக்கும் மாடரேட்டர் வேலையை முப்பத்தேழு அக்கா தானாகவே எடுத்துக்கொண்டார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேடயம் மின்னும். கெட்ட வார்த்தை ஒன்று திரையில் விழுந்தால், அது காய்வதற்குள் துடைத்துவிடுவார். சித்தப்பா அடித்த பெனால்டிகள் எத்தனை இடது, எத்தனை வலது என்று ஒரு நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தார். இவ்வளவுக்கும் இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

நான்காம் வருஷம் சித்தப்பா அந்த விளையாட்டுக்கான போட்டித் தொடரில் மேல் பிரிவுக்குள் நுழைந்தார். மொத்தம் பன்னிரண்டு பேர். ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்கு ஓர் ஆட்டம், பதினோரு வாரம். கடைசி இரண்டு இடத்துக்காரர்கள் கீழே இறக்கப்படுவார்கள். இவருக்கு நாற்பத்தாறு வயது; அடுத்த மூத்தவனுக்கு இருபத்தாறு. 'கிழவர் எத்தனை வாரம் தாங்குவார்' என்று ஊர் முழுக்க எழுதினார்கள். அதைப் படித்த அன்றே சித்தப்பா முடிவு கட்டினார்: செத்தாலும் அந்தப் பன்னிரண்டு பேரிலிருந்து இறங்குவதில்லை.

இனி அவருடைய பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெனால்டி அடிக்கும்போது எந்த மூலை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு அடிப்பது அவர் பாணி. "பந்தை வெச்சாச்சு. வலது மூலை, கீழ. போடு!" என்பார், பந்து சொன்ன இடத்துக்குப் போகும். நாற்பதாயிரம் பேரைக் கட்டிப்போட்டது அந்த வித்தைதான். எதிராளி இன்னொரு போனில் நேரலையைப் பார்த்துக்கொண்டு ஆடினால் என்ன ஆகும்? அதற்குத்தான் பூட்டு. அறையில் நடப்பது ஊருக்கு முப்பது நொடி பிந்திப் போகும்படி வைத்திருந்தார். எதிராளி அதைக் கேட்கும்போது பந்து வலைக்குள் ஆறிக் கிடக்கும். இது போக, ஆடுகிற இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள விளையாட்டுக்குள்ளேயே ஒரு குரல் வழி உண்டு. முதல் வாரமே ஒரு பொடியன் அதில் இவர் தாயாரை இழுத்துப் பேச, எதிராளிகளின் சத்தத்தை அன்றைக்கே பூஜ்யத்தில் வைத்துவிட்டார். அந்த வழியில் தன் மைக்கையும் அணைத்துவிட்டார்.

முதல் நான்கு வாரமும் வெற்றி. நான்காவது வாரம் தோற்ற பையனுக்கு அன்று காலையில்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. சித்தப்பாவுக்கு மனசு இளகிவிட்டது. விளையாட்டின் மைக்கைத் திறந்து, "பொண்ணு பொறந்திருக்காமே, நல்லா இருக்கணும்பா. தோத்ததை மனசுல வெச்சுக்காதே, புள்ளையத் தூக்கிக் கொஞ்சு" என்று வாழ்த்தினார். நல்ல காரியம் செய்த நிறைவோடு நேரே எழுந்து சாப்பிடப் போனார்.

ஐந்தாவது வாரம் தோற்றார். ஆறாவது வாரமும் தோற்றார். ஏழு, எட்டு, அதே கதை. ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை, எல்லாம் பெனால்டியில். அதுவும் எப்படி? இவர் அடிக்கும் முன்பே எதிராளியின் கோல்கீப்பர் அந்த மூலைக்குப் போய், விருந்தாளியை வரவேற்பது போலப் பந்துக்காகக் காத்திருந்தான்.

ஒன்றிரண்டு என்றால் அதிர்ஷ்டம் எனலாம். நாலு வாரமும் நாலு பேரும் அதையே செய்தால்? யாரோ உள்ளிருந்து சொல்கிறார்கள்.

சந்தேகம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் இது சோற்றில் கல்லைப் போல ஒவ்வொரு வாய்க்கும் கடிபட்டது. முதல் சந்தேகம் மனைவி மேல். ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை செய்கிறவளின் மகன் மேல் பிரிவில் ஆடுகிறான். இவள் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள், இவர் உள்ளே வந்தால் குரலைத் தாழ்த்துகிறாள்.

"யார்கிட்ட பேசின?"

"ஆஸ்பத்திரியில."

"நான் வந்ததும் ஏன் மெதுவா பேசின?"

"உங்களைப் பத்தித்தானே பேசினேன், சத்தமா பேசினா நல்லா இருக்குமா?"

இரண்டாவது மச்சினன். வயரை இழுத்தவனுக்கு வயருக்குள் என்ன போகிறது என்று தெரியாதா? போன வாரம் வந்தவன் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "சூடாகுது மச்சான்" என்றான். எதற்குத் தொட்டான்? மூன்றாவது, முப்பத்தேழு அக்கா. அந்த எண்ணம் வந்ததும் தலையை உதறிக்கொண்டார். ஆனால் எண்ணம் போகவில்லை. இடது எத்தனை, வலது எத்தனை என்று நோட்டுப் போட்டு எழுதச் சொன்னது யார்? ஒருத்தரும் சொல்லவில்லையே.

ஒன்பதாவது வாரம் பொறி வைத்தார். முதல் பெனால்டி நடுவில் என்று மனைவியிடம் சொன்னார். மச்சினனிடம் இடது மூலை என்றார். முப்பத்தேழு அக்காவுக்குத் தனியாக, வலது மூலை என்று எழுதினார். கீப்பர் எந்தப் பக்கம் பாய்கிறானோ, அந்தப் பக்கத்தில் இருக்கிறது துரோகம். ஆக, இவர் எங்கே அடிப்பது? கொஞ்ச நேரம் யோசித்தார். அக்காவுக்குச் சொன்ன மூலையிலேயே அடிப்பதென்று தீர்மானித்தார். அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

பந்தை வைத்தார். பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது: "வலது மூலை, கீழ. போடு!"

கீப்பர் வலது மூலைக்குப் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

சித்தப்பா மிச்சப் பெனால்டிகளை அடிக்கக்கூட இல்லை, கன்ட்ரோலரை மேஜையில் வைத்தார். கேடயத்தை அந்த நொடியே பிடுங்கினார். பிறகு கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"மக்களே, திருடன் அகப்பட்டாச்சு. முப்பத்தேழாம் நம்பர்! நாலு வருஷம் என் உப்பைத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சிருக்காங்க. என் மூலையை வித்தது அவங்கதான். ஆதாரம் இருக்கு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு கமெண்ட் விழுந்தது. முப்பது நொடி பிந்தியதால், பந்து தடுக்கப்பட்டதை அப்போதுதான் பார்த்த ஒருவர் எழுதியது. பெயருக்குப் பக்கத்தில் கேடயம் இல்லை. அது போனது அவருக்கே இன்னும் தெரியாது.

"ஐயோ, பரவாயில்ல தம்பி. மனசை விட்றாதீங்க. அடுத்ததை மேல தூக்கிப் போடுங்க."

"பார்த்தீங்களா நடிப்பை!" என்றார் சித்தப்பா.

அதன் பிறகு அந்தப் பெயரிலிருந்து ஓர் எழுத்தும் வரவில்லை. ஆனால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நாற்பதாயிரம் பேரில் நாலாயிரம் பேராவது அன்று சாயங்காலத்துக்குள் அந்த அம்மாளைத் துவைத்துக் காயப்போட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவங்க எப்போங்க உங்க உப்பைத் தின்னாங்க? நாலு வருஷத்துல ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கீங்களா?"

"உனக்கு இந்த விஷயம் புரியாது."

"எனக்கு நடுவுலன்னு சொன்னீங்களே, அது எதுக்குன்னு மட்டும் புரிஞ்சிடுச்சு" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பத்தாவது வாரம் வந்தது. துரோகி ஒழிந்தாயிற்று, இனி ஜெயம்தான் என்று உட்கார்ந்தார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பெனால்டி. கீப்பர் ஐந்து முறையும் அவருக்கு முன்னால் மூலைக்குப் போய் நின்றான். நாலு வெற்றி, ஆறு தோல்வி. இன்னும் ஓர் ஆட்டம்தான் பாக்கி. தோற்றால் கீழ்ப் பிரிவு.

பட்டியலை மூடினார், மறுபடி திறந்து பார்த்தார். தோல்வியை நினைத்து மட்டும் அல்ல. அக்கா இல்லாமலும் இது நடக்கிறதென்றால், அக்கா?

அந்த எண்ணத்தை முழுசாக நினைக்கப் பயந்து, மச்சினனைப் போனில் பிடித்தார்.

"டேய், நீதானே வயர் இழுத்தவன்?"

"ஆமா. ஏன் மச்சான், அறுந்துபோச்சா?"

"நடிக்காதே. நீ என் லைனை எங்கேயோ திருப்பி விட்டிருக்கே."

மச்சினனுக்கும் ரோஷம் உண்டு. "சரி மச்சான். நான் இப்போ என் வீட்டுல இருக்கேன். இங்கேயிருந்தே உங்களோட ஒரு ஆட்டம் ஆடுறேன். நேரா பெனால்டி. நான் திருடனா இல்லையான்னு பார்த்துடுவோம்."

ஆடினார்கள். மச்சினன் கால்பந்து ஆட்டத்தில் சுத்த சுரைக்காய். தன் கோலுக்குள்ளேயே பந்தைப் போடுகிறவன். அவன் ஐந்து பெனால்டிகளையும் தடுத்தான். சித்தப்பா கன்ட்ரோலரை வீசிவிட்டுப் போனை எடுத்தார்.

"நீதான்டா! நீதான்டா அந்தத் திருட்டுப்பய!"

எதிர்முனையில் மச்சினனுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. பின்னால் அவன் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான்... மச்சான்... 'இடது மூலை, இந்த மூஞ்சிக்குத் தடுக்கத் தெரியுமா'ன்னு நீங்க சொன்னது எங்க வீட்டு டிவியில அலறுது. அடுப்படியில இருந்து இவ ஓடி வந்துட்டா."

"என்னடா உளர்றே? முப்பது நொடி பூட்டு..."

"அது ஊருக்கு மச்சான். விளையாட்டுக்குள்ள ஒரு மைக் இருக்கே, அது தொறந்து கெடக்கு. நீங்க பேசறது எதிராளி வீட்டுக் கூடத்துல நேரா விழுது. எத்தனை நாளா தொறந்து வெச்சிருக்கீங்க?"

சித்தப்பாவுக்கு அந்தப் பச்சைக் குழந்தையின் ஞாபகம் வந்தது. வாழ்த்திவிட்டு எழுந்து சாப்பிடப் போனது ஞாபகம் வந்தது. அணைக்கவில்லை. ஆறு வாரம், ஆறு வீடு. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, கம்பளி தொங்கவிட்டு, உள்ளே உட்கார்ந்துகொண்டு ஆறு வீட்டுக் கூடத்தில் வலது, இடது என்று ஒலிபெருக்கி வைத்திருக்கிறார். மூலையை மட்டுமா சொன்னார்? எதிராளியின் மூக்கு, அவன் அப்பன், அவன் படித்த படிப்பு எல்லாவற்றையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர்களில் யோக்கியன் ஒருவன் "சித்தப்பா, மைக்கை அணைங்க" என்று கத்தியும் இருக்கலாம். எதிராளிகளின் சத்தத்தைத்தான் இவர் பூஜ்யத்தில் வைத்திருந்தாரே. ஊர் பேசுவதற்குக் காதை அடைத்துவிட்டு, தன் வாயை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

"மச்சான், ஒரு யோசனை" என்றான் மச்சினன், சிரிப்பு அடங்கியதும். "அணைக்காதீங்க. உங்களுக்குத் தெரியும்கிறது அவனுங்களுக்குத் தெரியாது. கடைசி ஆட்டத்துல இடதுன்னு சொல்லி வலது போடுங்க. வலதுன்னு சொல்லி இடது போடுங்க. அஞ்சும் கோல்."

பட்டணத்துப் படிப்பெல்லாம் படித்தவர்களுக்குத் தோன்றாத யோசனை. சித்தப்பாவின் கண்ணில் ஆறு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. அன்று சாயங்காலம் முழுக்கப் பொய் சொல்லிப் பழகினார். வாய் ஒன்று சொல்ல விரல் ஒன்று செய்வது லேசான காரியம் அல்ல.

ஆனால் அக்காவின் நினைப்பைப் புதன்கிழமை வரைதான் தாங்கினார். புதன் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, முட்டி நோக, முப்பத்தேழாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பின்னால் போய் உட்கார்ந்தார். கடைசி நிறுத்தம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் இருக்கையில் அகலத் தோளோடு ஓர் அம்மாள், பிளாஸ்க்கைத் திறந்துகொண்டே கண்ணாடியில் பார்த்தார்.

"கடைசி ஸ்டாப். இறங்கணும்."

"அக்கா, நான்தான்..."

"தெரியுது. நாலு வருஷமா அந்த மூஞ்சியத்தானே பார்க்கிறேன். சீட்டு எடுத்தீங்களா?"

எடுத்த சீட்டைக் காட்டினார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்: குழந்தை, வாழ்த்து, மைக், மச்சினன் வீட்டு டிவி. அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"அப்போ என் மேல தப்பு இல்ல."

"இல்லக்கா. என் புத்தியச் செருப்பால அடிக்கணும். மன்னிச்சிடுங்க."

"என்னைத் துரோகின்னு எங்க வெச்சு சொன்னீங்க?"

"லைவ்லதான்க்கா."

"ஊரைக் கூட்டி வெச்சு அறைஞ்சுட்டு, சந்துல வெச்சு தடவிக் குடுத்தா ஆச்சா தம்பி?"

"லைவ்லயே சொல்லிடறேன்க்கா. ஞாயித்துக்கிழமை, ஆட்டம் முடிஞ்ச உடனே. சத்தியமா."

"முடிஞ்ச உடனேயா? ஏன், ஆரம்பிக்கும்போது சொன்னா வாய் வலிக்குமா?"

அவரிடம் மறைக்க மனம் வராமல் மச்சினனின் யோசனையையும் சொன்னார். முன்னாலேயே மன்னிப்புக் கேட்டால் மைக் கதை வெளியே வரும்; வந்தால் எதிராளி உஷாராகிவிடுவான்; இருக்கிற ஒரே ஆயுதமும் போய்விடும்; போனால் மேல் பிரிவும் போய்விடும். அந்த அம்மாள் பிளாஸ்க்கை மூடினார்.

"நேத்து ரெண்டு பேரு, 'துரோகி பஸ்ஸு வருது'ன்னு சொல்லிக்கிட்டே ஏறினாங்க. நான் வாயைத் தொறக்கல, கதவைத்தான் தொறந்தேன். இன்னும் நாலு நாள் ஓட்டணும் ஞாயித்துக்கிழமைக்கு. உங்க ஆட்டம், உங்க இஷ்டம். இறங்குங்க, வண்டியத் திருப்பணும்."

ஞாயிற்றுக்கிழமை கடைசி எதிராளி, பட்டியலில் முதல் இடத்தில் இருந்தவன். பல் டாக்டருக்குப் படிக்கிறான். அதனால் பேரும் பல் டாக்டர்தான். சித்தப்பா பத்து மணிக்கே நாற்காலியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய பொய்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நேரலையைத் திறந்ததும் கண் வழக்கம்போல மாடரேட்டர் பெயர் இருக்கும் இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தான் சொன்ன யோசனையைத் திருடி மேற்பார்வையாளர் ஆனவனின் முகம் ஏனோ ஞாபகம் வந்தது. அவனாவது ஒரு யோசனையைத்தான் எடுத்தான்.

"மக்களே, ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றார். "முப்பத்தேழாம் நம்பர் அக்கா திருடி இல்ல. திருடன் நான்தான். என் வாய்தான்."

ஒன்றையும் விடாமல் சொன்னார். மச்சினன் வீட்டு அடுப்படி வரை சொன்னார். விளையாட்டு மைக்கில் பல் டாக்டரும் நேராகக் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பது நொடி கழித்து சித்தப்பாவின் போன் குதிக்கத் தொடங்கியது. மச்சினன்தான். எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். கேடயத்தை எடுத்து முப்பத்தேழாம் நம்பரின் பெயருக்குப் பக்கத்தில் திரும்பப் பொருத்தினார். அந்தப் பெயர் வெளிறிக் கிடந்தது, ஆள் வரவில்லை.

ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பெனால்டி.

இந்த விளையாட்டில் ஒருவர் ஐந்தையும் அடித்து முடித்த பிறகுதான் மற்றவர் முறை. பல் டாக்டர் முதலில் அடித்தான். ஐந்தில் மூன்று உள்ளே போயிற்று. ஒன்றைச் சித்தப்பா தடுத்தார், ஒன்று கம்பத்தில் பட்டு வெளியே போனது. அடுத்து இவர் முறை. மைக்கை அணைக்க விரலைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். என்ன தோன்றியதோ, கையை எடுத்துக்கொண்டார்.

"தம்பி பல் டாக்டரே, மைக் தொறந்துதான் இருக்கு. உனக்கும் சேர்த்தே சொல்றேன். இடது மூலை, கீழ."

இடது மூலையில்தான் அடித்தார். கீப்பர் வலது பக்கம் பாய்ந்து புல்லைக் கடித்தான்.

"வலது மூலை." வலதில்தான் போட்டார். கீப்பர் இடதில் கிடந்தான். "திரும்பவும் வலது." கீப்பர் திரும்பவும் இடது. உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் இத்தனை ஞாயிறு சித்தப்பாவுக்கு இருந்த அரிப்பு இப்போது பல் டாக்டரைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவும் தெரிந்த மனுஷன் வேண்டுமென்றே உண்மையைச் சொல்வானா? ஏதோ சூது இருக்கிறது. நான்காவது முறை, 'நடுவுல' என்றபோது அவன் ஒருவழியாக நம்பித் தொலைத்தான். அசையாமல் நின்று பிடித்துவிட்டான்.

மூன்றுக்கு மூன்று. கடைசிப் பந்து. உள்ளே போனால் மேல் பிரிவு. இல்லையென்றால் முதலிலிருந்து இழுபறி, அதற்கு இவர் விரலில் இனித் தெம்பு இல்லை. கட்டைவிரல் வேர்த்து வழுக்கியது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தேழு அக்காவுக்குச் சொன்ன அதே மூலை. வலது, கீழ. போடு!"

கீப்பர் வலது பக்கம் ஒரு தப்படி வைத்தான், இடது பக்கம் திரும்பினான், மறுபடி வலதைப் பார்த்தான். பந்து அவனைத் தாண்டி வலது மூலையில் வலையைத் தொட்டபோது இரண்டு காலும் பின்னிக்கொண்டு நடுவில் நின்றான்.

சித்தப்பா கத்தவில்லை. முட்டை அட்டைகள் சூழ்ந்த அறையில் அவர் மூச்சு அவருக்கே கேட்டது. ஊர் இன்னும் பார்க்கவில்லை. ஊருக்கு முப்பது நொடி இருக்கிறது. திரையில் எல்லோரும் இன்னும் 'ஐயோ கடைசிப் பந்து', 'சித்தப்பா பயமா இருக்கு' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த அரை நிமிஷம் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு கொட்டியது. படிக்க முடியாத வேகத்தில் கமெண்டுகள் ஓடின. நடுவில் ஒருவன், "கிழட்டுப் பயலே, பேசிப் பேசியே குழப்பிட்டே" என்று தொடங்கி, அச்சில் ஏற்ற முடியாத இரண்டு வார்த்தையோடு முடித்திருந்தான். சித்தப்பா அதைப் படித்து முடிப்பதற்குள் அது மறைந்தது. இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: நீக்கியவர், 37-ஆம் நம்பர்.

திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அதே பேரில் வேறு யாராவது வந்திருப்பார்களோ என்று கேடயத்தையும் ஒருமுறை சரிபார்த்தார்.

அடுத்த வரி வந்தது.

"தம்பி, முட்டி தெரியுது. கேமராவை மேல திருப்புங்க."

குனிந்து பார்த்தார். தெரியத்தான் செய்தது.